ஏழு டியும் ஒரு சியும்

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். "அண்ணை, இந்த முறை ஆண்டு இறுதியைப் பற்றி எழுதித் தாங்கோ. சோதினை, பரிசளிப்பு, ஒளிவிழா எல்லாம் வரட்டும். உங்கட காலத்துச் சாதனைகளையும் சேர்த்துவிடுங்கோ" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் யோசனை வந்தது. எங்கள் காலத்துச் சாதனை என்று எதைச் சொல்ல? பிரார்த்தனை மண்டபத்துப் பலகையைக் கேட்டால், நாங்கள் அங்கே படித்தோம் என்பதற்கே சாட்சி இல்லை.

அந்தப் பலகை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கறுப்புப் பொலிஷ், பொன்னிற எழுத்து. இடப்பக்கம் ஆண்டு 11 இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் எட்டுப் பாடத்திலும் டி, அதாவது விசேட சித்தி எடுத்தவர்கள். வலப்பக்கம் பல்கலைக்கழகம் போனவர்கள். 1989 வரை பெயர்கள் ஒழுங்காக இறங்கிவந்து சட்டென்று நின்றுவிடும். பிறகு ஒரு முழம் வெறும் பலகை. அதற்குக் கீழே 1997. எண்பதுகளில் படித்த அண்ணைமார் ரொறன்ரோ ஒன்றுகூடல்களில் "உங்கட காலத்திலை ஒருத்தரும் படிக்கேல்லையோடா?" என்று இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள். படித்தோம். பெயின்ற்தான் இருக்கவில்லை. 1990 இல் போரோடு அரசின் பொருளாதாரத் தடை வந்த பிறகு மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பற்றறிக்குமே வரிசையில் நின்ற ஊர். பலகையில் பெயர் எழுதப் பொன் பெயின்ற் யார் கொண்டுவருவது?

எங்கள் பள்ளி ஆண்டு மார்கழியில் முடியும். மூன்றாந் தவணை என்றாலே யாழ்ப்பாணத்து வடமராட்சியில் மாரி. ஐப்பசிக் கடைசியில் தொடங்கும் மழை பள்ளி மைதானத்தைக் குளமாக்கிவிடும். நெல்லியடியிலிருந்து வரும் பெடியள் சைக்கிளைத் தோளில் வைத்து ஒழுங்கை வெள்ளத்தைக் கடந்து வருவார்கள். செருப்பு கையில், புத்தகம் பொலித்தீன் பையில்.

1992 மார்கழி, நாங்கள் ஆண்டு 10. ஆண்டு இறுதிச் சோதனைக்குத் தாள் இல்லை. பிரதி எடுக்கிற றோனியோ இயந்திரம் அலுவலக மூலையில் சாக்குப் போர்த்தி நின்றது. மை இல்லை, ஸ்டென்சில் இல்லை. ஆசிரியர்கள் வினாக்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். பின்வாங்கில் இருந்தவர்களுக்கு எழுத்துத் தெரியாது, முன்வாங்கில் இருந்தவன் வாசித்துச் சொல்ல வேண்டும். வாசிக்கிற சாட்டில் அவன் விடையையும் சொல்லிவிடுகிறான் என்று சமூகக்கல்வி ரீச்சர் கண்டுபிடித்த பிறகு, அவரே வகுப்பைச் சுற்றி நடந்து ஒவ்வொரு வினாவையும் மூன்று தரம் வாசித்தார். விடை எழுதப் பழைய கொப்பிகளில் எஞ்சிய பக்கங்களைக் கிழித்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம், நாங்கள் எம்மட்டு.

விஞ்ஞானச் சோதனையன்று பொம்மர் வந்தது. வேப்பமரத்தின் கீழே பனங்குற்றி அடுக்கி மண்மூடை போட்ட பங்கர் இருந்தது. வழக்கமாகச் சத்தம் கேட்ட கையோடு குதித்துவிடுவோம். அன்றைக்கு ஓடிப்போய் வாசலில் எல்லோரும் நின்றுவிட்டோம். உள்ளே இடுப்பளவு வெள்ளம், அதில் மாரித்தவளைகள். மேலே விமானம் சுற்றுகிறது, கீழே தவளை கத்துகிறது, யார் முதலில் இறங்குவது என்று ஆளை ஆள் தள்ளுகிறோம். கடைசியில் அதிபரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அதன்பிறகு நாங்கள் இறங்காமல் இருக்க முடியுமா? அந்த விமானம் எங்கேயோ போய் யாரோ ஒருவர் வீட்டில் குண்டு போட்டிருக்கும். நாங்கள் நனைந்த காற்சட்டையோடு திரும்பிவந்து ஒளித்தெறிப்பு வினாவைத் தொடர்ந்தோம். ரீச்சர் பத்து நிமிடம் கூடத் தந்தார்.

அந்த ஆண்டு நான் இரண்டாம் பிள்ளை. எல்லா ஆண்டும் அப்படித்தான். முதலாம் பிள்ளை என் பக்கத்து வாங்குக்காரன். அவனுடைய ஐயா பருத்தித்துறையில் கடற்றொழில் செய்தவர். கடலுக்குப் போகத் தடை இருந்த நாட்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்த நாளை எண்ணிவிடலாம். ஆனால் ரிப்போட்டில் கணிதத்துக்கு நேரே எழுதியிருக்கும் எண்ணை எண்ண வேண்டியதில்லை, நூறுதான். எங்கள் கணித சேருக்கு ஒரு பழக்கம். யாராவது சைக்கிள் ரியூப் வெடித்துவிட்டது, மழை என்று சாட்டுச் சொன்னால் பேராசிரியர் துரைராஜாவை இழுத்துவிடுவார். "கேம்பிரிட்ஜிலை களிமண்ணை ஆராய்ஞ்ச மனுசன். 1988 இலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராய் வந்தவர். இந்த வடமராட்சி மண்ணிலை பிறந்தவர். அவரே சைக்கிளிலை திரியிறார், உனக்கென்ன?" துரைராஜா சைக்கிளில் போவதை நான் ஒரு தரமும் கண்டதில்லை. ஆனால் அந்தச் சைக்கிள் எங்கள் வகுப்புக்குள் வராத நாள் குறைவு.

பரிசளிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரதம விருந்தினர் ஒரு ஏ 40 காரில் வந்தார், மண்ணெண்ணெயில் ஓடுகிற கார். வாசலுக்கு வருமுன்பே புகை மண்டபத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு இரண்டு கொப்பியும் ஒரு பென்சிலும் கிடைத்தன. சான்றிதழ் ஏதோ பழைய படிவத்தின் பின்பக்கத்தில் கையால் எழுதியது. திருப்பிப் பார்த்தால் "கால்நடை விபரம்" என்று அச்சடித்திருக்கும். அம்மா அதை முன்பக்கம் தெரியத்தான் சட்டம் போட்டு மாட்டினா.

பள்ளியின் நத்தார் கொண்டாட்டமான ஒளிவிழாவைச் சொல்லாமல் விடமுடியாது. மின்சாரம் இல்லாத ஊரில் ஒளிவிழாவைக் காலை ஒன்பது மணிக்கு வெயிலில் நடத்தினோம். பெற்றோல்மாக்ஸ் ஒன்று இருந்தது, அதற்கு ஊற்ற எண்ணெய் இல்லை, மேடையில் அழகுக்கு வைத்திருந்தோம். சைவப் பிள்ளைகளான நாங்கள்தான் மேய்ப்பர்கள், சாக்குப் போர்த்திக்கொண்டு. நத்தார் தாத்தாவாக வந்தவர் எங்கள் பியோன் அண்ணை. யாரோ ஒருவரின் கூறைச் சேலையைச் சுற்றி, இலவம்பஞ்சைக் கஞ்சிப் பசையால் ஒட்டித் தாடி. இனிப்புக் கொடுத்து முடித்து அவர் மேடையை விட்டு இறங்கியதுதான் தாமதம், ஆண்டு 11 அண்ணைமார் சுற்றி வளைத்துத் தாடியைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். அடுத்த கிழமை சாதாரண தரப் பரீட்சை. பஞ்சு வேண்டும்.

பஞ்சு எதற்கென்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடவேண்டும். நடுவே கம்பியில் ஒரு சின்னத் திரியைப் பிடித்து நிறுத்தினால் விளக்கு. போத்தலே சிம்னி. குப்பி விளக்கு குடிக்கிற எண்ணெயை இது குடிக்காது. வெளிச்சம் ஒரு கொப்பியின் பாதிக்குத்தான் போதும். இடது பக்கம் வாசித்து முடித்தால் போத்தலை வலது பக்கம் நகர்த்த வேண்டும். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி.

அடுத்த ஆண்டு அந்தப் போத்தலுக்கு முன்னால் இருந்தது எங்கள் முறை. 1993 மார்கழி. நெல்லியடி ரியூசன் கொட்டில்களில் மொடல் பேப்பர் செய்து செய்து விரல் வீங்கியிருந்தது. விடியற்புறம் மூன்றரை மணிக்குத் திருவெம்பாவைக்காரர் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கைக்குள் வருவார்கள். அந்தக் கூட்டத்திலே இல்லாமல் பாயில் இருந்து உப்புமூலங்களின் சமன்பாடு பாடமாக்குவது பெரிய தண்டனை. பக்கத்து வாங்குக்காரன் அந்த நாட்களிலும் சங்கு ஊதப் போனான். "ஊதினால்தான் நித்திரை முறியும்" என்றான்.

எட்டுப் பாடத்தில் எனக்குப் பயம் ஒன்றில்தான், சித்திரம். சங்கீதம் எடுக்கக் குரல் இல்லை, அதனால் சித்திரம் எடுத்தவன் நான். அண்ணா பாவித்த பன்னிரண்டு நிறப் பெட்டி ஒன்று இருந்தது. நீலக் கட்டி தேய்ந்து அடியில் தகரம் தெரிந்தது. சோதனைக்குத் தேர் என்ற தலைப்பை எடுத்தேன். வானத்தை விடியற்காலை என்று சொல்லி மஞ்சளாகவே விட்டுத் தப்பிவிட்டேன். பனையில்தான் பிடிபட்டேன். பச்சைக் கட்டி முன்பே முடிந்திருந்தது, மஞ்சளோடு நீலம் கலந்தால் பச்சை வரும் என்று நம்பி வந்திருந்தேன். நீலம் இல்லையே. தகரத்தைத் தூரிகையால் சுரண்டச் சுரண்டத் துருதான் வந்தது. என் கோயிலைச் சுற்றி நின்ற ஏழு பனையும் பட்டுப்போன மாதிரிக் கபில நிறத்தில் நின்றன. எங்கள் சித்திர சேர் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நின்று, "என்ன கீறினாய்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "பனை வட்டெல்லாம் ஒழுங்காய்ப் போட்டனியோ?" என்றார். போட்டிருந்தேன். "அப்ப ஏதோ கிடைக்கும்" என்றார்.

முடிவு வந்தது அடுத்த ஆண்டு நடுப்பகுதியில். அலுவலக யன்னலில் சுட்டெண்ணும் பெறுபேறும் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். பக்கத்து வாங்குக்காரனுக்கு எட்டு டி. இன்னும் இரண்டு பேருக்கும் எட்டு டி. எனக்கு ஏழு டியும், சித்திரத்துக்கு அதற்கு அடுத்த படியான ஒரு சியும். ஐயா தாளைப் பார்த்துவிட்டு "சி எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நல்ல விடை என்னிடம் இல்லை. அதே ஆண்டு கடைசியில் நான் கிளாலிக் கடலேரி கடந்து கொழும்பு வந்து, பிறகு இங்கே. அவன் போகவில்லை. 1995 இல் போரால் பக்கத்து வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்து எங்கள் வகுப்பறைகளில் குடியிருந்தது, அவன் அதற்குள்ளும் இருந்து உயர்தரம் படித்தான். நாலு பாடம், மொத்தம் நானூறு புள்ளிக்கு. பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு நாலோ ஐந்தோ குறைந்து பொறியியல் போய்விட்டது. விஞ்ஞானம் படித்து, ஆசிரியராகி, இப்போது எங்கள் பள்ளியிலேயே கணித சேர். அவனும் துரைராஜாவைப் பற்றிச் சொல்கிறானாம். பிள்ளைகள் ஸ்கூட்டியில் வருகிறார்களாம்.

இப்போது எட்டு டி என்றால் மகனுக்கே விளங்காது. ஒன்பது ஏ என்றுதான் கேட்டிருக்கிறான். கோவிட்டுக்குப் பிறகு பரீட்சை மாதங்களும் மாறிக்கிடக்கின்றன. 2021 ஆம் ஆண்டுக்கான சாதாரண தரம் 2022 வைகாசியில் நடந்தது. திருவெம்பாவைக்கும் சோதனைக்கும் இருந்த தொடுப்பு அறுந்துபோய்விட்டது. அதில் எனக்கு ஏன் கவலை வரவேண்டும் என்று தெரியவில்லை, வருகிறது.

பலகைக்கு வருகிறேன். இந்த முறை சங்கக் கூட்டத்தில் அந்த ஒரு முழ இடைவெளியை நிரப்பக் காசு அனுப்புவதாக முடிவெடுத்தோம். யாருடைய பெயர்கள் என்று கேட்டபோது ஆளுக்கொரு பட்டியல். பள்ளி அலுவலகத்துப் பழைய பதிவுகள் இல்லை. இடம்பெயர்ந்தவர்கள் தங்கியபோது எரிந்ததா, நனைந்ததா, அடுப்பு மூட்டப் போனதா என்று சொல்ல ஆளில்லை. அடுப்புக்குப் போயிருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். பியோன் அண்ணையின் பெயரையும் எங்காவது போடவேண்டும் என்று நான் சொன்னேன். "அவர் என்ன சித்தி எடுத்தவர்?" என்று ஒருவர் கேட்டார். ஆறு மாரி பங்கர் வெள்ளத்தை வாளியால் இறைத்தவர் என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

போன மாதம் பக்கத்து வாங்குக்காரன் வாட்ஸப்பில் வந்தான். பலகையைக் கழற்றி வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். "மச்சான், இதைப் பார்" என்று கைபேசியைச் சரித்துப் பிடித்தான். ஈரத் துணியால் துடைத்த இடத்தில், பக்கவாட்டு வெளிச்சம் பட்டதும், கறுப்புக்கு மேலே சாம்பல் நிறத்தில் எழுத்துகள். பென்சில். சித்திர சேரின் கை, அந்த வளைந்த "ழ" அவருடையதுதான். 1990, 1991, 1992, 1993. அளவுகோல் பிடித்துக் கோடு போட்டு, பெயர்களை எழுதி, பெயின்ற் வரட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார். அவர் காலமாகிப் பதினைந்து வருடத்துக்கு மேல்.

1993 இல் மூன்று பெயர். அவனுடையது இரண்டாவது. அதற்குக் கீழே, கொஞ்சம் தள்ளி, மற்றவற்றில் பாதி அளவில் இன்னொரு பெயர். எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. என் முதலெழுத்து, என் பெயர், பக்கத்தில் ஒரு சின்னப் பனை.

"பெயின்ரர் கேக்கிறார், இதையும் எழுதுறதோ எண்டு" என்றான்.

"எட்டு டிக்காரற்றை பலகையடா அது" என்றேன்.

"அது தெரியும். பனைக்கு என்ன நிறம் எண்டும் கேக்கிறார்."