பூரிக்குப் போனோம், வழியில் தவுளி

அப்பாவுக்கு விழித்திரை விலகி, வலது கண்ணில் பாதிக்கு மேல் இருட்டிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். வழக்கம்போல் திருப்பதிக்குத்தான் என்று நினைத்தோம். இல்லையாம், பூரி ஜெகந்நாதருக்காம். "இமைக்காம பாத்துக்கிட்டே இருக்கிற சாமி அவர்தான். கண்ணுக்கு அவரை விட்டா வேற யாருகிட்ட கேக்குறது?" என்றாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அப்பா மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்ததும், சாமி கடனை வைத்திருக்கக் கூடாது என்று அம்மா நச்சரித்தாள். கிளம்பிவிட்டோம்.

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஒடிசா என்றால் அவருக்குக் கலிங்கம், கலிங்கம் என்றால் கலிங்கத்துப்பரணி. ரயில் விஜயவாடா தாண்டுவதற்குள், அதில் வரும் சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் எங்கள் பெட்டியில் ஏறிவிட்டார். "குலோத்துங்கன் படை போய் மோதினது யாரோட தெரியுமா? அனந்தவர்ம சோடகங்கனோட. அவன் அம்மா ராஜசுந்தரி, சோழ இளவரசி. நம்ம வீட்டுப் பொண்ணோட பிள்ளைடா!" அந்தச் சோடகங்கன்தான் வடக்கே உத்கலத்தையும் பிடித்துக் கலிங்கத்தோடு சேர்த்தவன், இன்றைய பூரிக் கோயிலை எழுப்பத் தொடங்கியவன். எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒடியாக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சோடகங்கன் என்ற பெயரைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

புவனேஸ்வரத்திலிருந்து பூரி போகும் வழியில் தவுளிக்கு வண்டியைத் திருப்பியது அப்பாவின் பிடிவாதம். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நேர்த்திக்கடனுக்குப் போகும்போது நடுவில் என்ன சுற்றுலா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வந்த பஸ்கள் எல்லாம் மலை மேல் இருக்கும் வெள்ளை ஸ்தூபிக்கு நேரே போய்விட்டன. ஜப்பானிய பௌத்தர்கள் உதவியோடு 1972ல் கட்டியது அது. கீழே இருக்கும் அசோகரின் பாறையை எட்டிப் பார்க்க ஆளே இல்லை. பாறைக்குள்ளிருந்து வெளியே வருவது போல முன்பாதி மட்டும் செதுக்கிய யானை, அதன் கீழே பிராமி எழுத்து வரிவரியாக. அப்பா வலது கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்தபடி வெகுநேரம் பார்த்தார். "போர்க்களத்துல ஆயிரம் யானையைக் கொன்னு ஜெயிச்சவனுக்குப் பாடறது பரணி. இங்க பார், ஒரு யானை உயிரோட வருது" என்றார்.

கி.மு. 261 வாக்கில் அசோகர் கலிங்கத்தின் மேல் நடத்திய போர். ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், ஒன்றரை லட்சம் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அசோகரே தன் 13ஆம் கல்வெட்டில் சொல்லி வருந்துகிறார். சோழர், பாண்டியர் பெயரும் அதில் வருகிறது. ஆனால் அந்தக் கல்வெட்டு தவுளியில் கிடையாது. அதற்குப் பதிலாக இங்கே அதிகாரிகளுக்குத் தனி ஆணைகள்: எல்லா மனிதரும் என் பிள்ளைகள், காரணமில்லாமல் யாரையும் சிறையில் போட்டு வதைக்காதே. அடி வாங்கிய ஊரிலேயே பிணக்கணக்கை எழுதி வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்பது அப்பாவின் கட்சி. குடிமக்கள் மறுபடி கிளம்பிவிடுவார்கள் என்ற பயம்கூட இருந்திருக்கலாம் என்பது என் கட்சி. எப்படியோ, அந்தப் போருக்குப் பிறகுதான் தர்மம் தர்மம் என்று எல்லாத் திசைக்கும் ஆள் அனுப்பினார். இலங்கைக்கு அவர் மகன் மகிந்தர் போனார். சாரநாத்தில் நின்ற அவருடைய சிங்கங்கள் இன்று நம் காசில் நிற்கின்றன, சக்கரம் கொடியில் சுற்றுகிறது. "சரி, சாமி காத்துக்கிட்டு இருக்கார்" என்று அம்மா வண்டியில் ஏறிவிட்டாள்.

பூரியில் இறங்கியதும் பண்டாக்கள், அதாவது கோயில் பூசாரிகள், மொய்த்துக்கொண்டார்கள். எந்த ஊர், என்ன கோத்திரம், தாத்தா பேர் என்ன? ஒருவர் எங்கள் குடும்ப ஏடே தன்னிடம் இருப்பதாகச் சாதித்தார். எங்கள் வம்சத்தில் பூரி வந்த முதல் ஆட்கள் நாங்கள்தான்! உள்ளே இன்னொருவர் தட்டை நீட்டி, ஆயிரத்து நூறு வைத்தால்தான் நகர்வேன் என்று அம்மாவின் வழியை மறித்தார். இருபத்திரண்டு படிகளிலும் ஒரே தள்ளு. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், அப்பாவின் கண்ணில் யார் முழங்கையாவது பட்டுவிடுமோ என்று நான் கையை விரித்து மறித்தபடியே போனேன். சந்நிதியை நெருங்கும்போது கூட்டம் எங்களை மூன்று பக்கமாகப் பிரித்துவிட்டது.

அப்புறம் அந்தக் கண்கள். கறுப்பு முகத்தில் வட்டமாக, இமையே இல்லாமல், அவ்வளவு பெரிதாக. படத்தில் எத்தனையோ முறை பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. கேட்க நினைத்தது எல்லாம் எனக்கு மறந்துபோனது. பின்னால் திரும்பினால், அப்பா இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறார். ஆபரேஷன் செய்த கண்ணால் மட்டும் பெருமாளைப் பார்க்கிறார்! பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி "தெரியுதுடி, தெரியுதுடி" என்று கத்துகிறார். எங்கேயோ தூணோரத்தில் நசுங்கிக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே விம்முவது கேட்டது. தட்டோடு மறித்த அதே பண்டா, என்ன நினைத்தாரோ, ஒரு பைசா வாங்காமல் அம்மாவைக் கைபிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவரைத் திட்டியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

படையெடுத்து வந்தவர்கள், போனவர்கள் எத்தனை பேர்! கடைசியில் 13ஆம் நூற்றாண்டில் சோடகங்கன் வம்சத்து மூன்றாம் அனங்கபீமன், இந்த நாட்டுக்கு ராஜா ஜெகந்நாதர்தான், நான் அவருக்குக் காரியம் பார்ப்பவன் என்று சொல்லிவிட்டான். இன்றும் தேரன்று கஜபதி மன்னர் தங்க விளக்குமாற்றால் தேரைப் பெருக்குகிறார். பெருக்குகிறவனுக்கா பெண் கொடுப்பது என்று காஞ்சி ராஜா கேலி செய்ததால்தான் அந்தக் காலக் கஜபதி மன்னர் புருஷோத்தம தேவர் காஞ்சி மேல் படையெடுத்தார், அங்கிருந்து கொண்டுவந்த பிள்ளையார்தான் இவர் என்று கோயிலுக்குள் காட்டுகிறார்கள். நம்மூர்ப் பிள்ளையார் என்று அம்மா அவருக்குத் தனியாகத் தோப்புக்கரணம் போட்டாள், அந்த முழங்காலோடு.

கோயிலுக்குள் பிரசாதம் விற்கும் ஆனந்த பஜாரில் மண்சட்டியோடு மகாபிரசாதம். வெளியூரில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா, யார் எவர் என்று தெரியாத ஒரு குடும்பத்தோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் சட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பருப்பை வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஜெகந்நாதா, எங்களை வரவழைத்தாயே, அதுவே போதுமப்பா!

பூஜை முறையை மாற்றப் பார்த்த ராமானுஜரையே ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டுபோய் ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீகூர்மத்தில் விட்டவர் இவர் என்று ஒரு கதை உண்டு. அதைச் சொன்னதிலிருந்து அப்பாவுக்கு ஸ்ரீகூர்மமும் பார்க்க வேண்டுமாம். எங்களையும் அப்படியே தூக்கிக்கொண்டுபோய் விட்டால் நல்லது, டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்டில்தான் இருக்கிறது.