டம்ளரில் பிடித்த கசிவு நீர்

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. மதுரையிலிருந்து அலங்காநல்லூர் வழியாகப் பாலமேடு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே தென்னந்தோப்பு, கரும்பு, முழங்கால் சேற்றில் நடவுப் பெண்கள், தூரத்தில் தலையில் மேகம் கட்டிய சிறுமலை. சாத்தையாறு அணைக்குப் போவதாகச் சொன்னதும் பக்கத்து இருக்கை அம்மா முகம் மலர்ந்தார். "தண்ணீர் ஏறியிருக்கிறதாம் தம்பி. பார்த்துவிட்டு வாருங்கள், அது தினமும் கிடைக்கிற காட்சி இல்லை" என்றார்.

அவர் சொன்னது சரிதான். 71 அடி வைகை அணையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு 29 அடி சாத்தையாறு சின்னதாகத்தான் தெரியும். பூங்கா கிடையாது, டிக்கெட் கிடையாது. வைகைக்காவது மேலே முல்லைப் பெரியாறு இருக்கிறது. சாத்தையாற்றுக்கு வானமும், சிறுமலைச் சரிவிலிருந்து இறங்கும் ஓடைகளும்தான். மழை பொய்த்தால் தரை தெரியும். பெரியாற்றுத் தண்ணீரை இந்த அணைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. கரைமேல் ஏறி நின்று அந்த அகன்ற செந்நீரைப் பார்த்தபோது, அந்தக் கோரிக்கையில் இருக்கும் தாகம் எனக்குப் புரிந்தது. ஒரு நல்ல மழைக்கே இவ்வளவு பிடித்து வைக்கிற இடம், பல வருடங்கள் வெறும் முள்காடாகக் கிடப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கரையோரம் ஓர் இளைஞர் தன் காளைக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தார். பாலமேட்டு மஞ்சமலை ஆற்றுத் திடலில் மாட்டுப்பொங்கலன்று வாடிவாசல் திறப்பதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. மூக்கணாங்கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அவர் கரையில் நடக்க, திமில் மட்டும் நீருக்கு மேலே தெரிய, காளை சீறிச் சீறி மூச்சுவிட்டபடி நீந்தியது. கரையேறியதும் உடம்பை உதறியதில் என் சட்டை முழுக்க நனைந்தது. "மூச்சு கட்டுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை அண்ணே" என்றார் அவர்.

சின்ன அணைக்கு எத்தனை வேலை! பாசனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அணையிலும், அதன் கீழே உள்ள ஏரியான கண்மாயிலும் ஒரு மாதம் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஊறும். ஊருக்குக் குடிநீர் தரும் ஆழ்துளைக் கிணறு கோடையில் கைவிடாது. ஆடுமாடு குடிக்கிறது, மீன்பாசி ஏலம் போகிறது, தண்ணீர் வற்றியதும் கரம்பை மண் வயலுக்குப் போகிறது. அந்த மண்தான் அணையின் கொள்ளளவையும் தின்கிறது என்பது இன்னொரு பக்கம். மலையிலிருந்து வரும் ஒவ்வொரு வெள்ளமும் வண்டலை இறக்கிவிட்டுப் போகிறது. அளவுகோல் காட்டும் அடி மாறாது. உள்ளே நிற்கும் தண்ணீர் மட்டும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகும். கண்மாய் வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் விதியைத் தளர்த்தினார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கரையின் அடிக்காலை ஒட்டித் தோண்டுகிறவர்களை ஊர் தடுத்தாக வேண்டும். அங்கே எடுக்கிற ஒவ்வொரு டிராக்டர் மண்ணும் கரையின் காலடியில் பறிக்கிற குழி.

அணையிலிருந்து இறங்கி, வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உள்ள ஒரு கண்மாய்க்கு நடந்தேன். அங்கேதான் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் மண்வெட்டி, இடுப்பில் மடித்துச் செருகிய துண்டு, கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். இருபது வருடத்துக்கு மேல் அந்த ஆயக்கட்டுக்கு, அதாவது கண்மாயில் பாசனம் பெறும் வயல்களுக்கு, தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியாக இருந்தவர். இப்போது வேறொருவர் பார்க்கிறார். ஆனாலும் கண்மாய் நிறைந்துவிட்டால் இவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

"தனியாகவா சுற்றுகிறீர்கள் ஐயா?" என்று கேட்டேன்.

"தண்ணீர் தனியாகத்தானே வேலை செய்கிறது தம்பி. நாமும் போய்ப் பார்க்க வேண்டும்" என்றார்.

அவரோடு கரையின் வெளிப்புறச் சரிவை ஒட்டி நடந்தேன். அவர் தண்ணீர் நிற்கும் பக்கம் அதிகம் பார்க்கவே இல்லை. வெளிப்பக்கம் எங்கே புல் மட்டும் பசேலென்று தனித்துத் தெரிகிறது, எங்கே கால் அழுந்துகிறது, எங்கே எலி வளை இருக்கிறது, எங்கே கரையின் முதுகு லேசாக உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பார்த்தார். பனைகளைத் தட்டிக்கொடுத்தபடி கடந்தார். "இவை கரையைக் கட்டிப் பிடிக்கும் வேர். அது அப்படி இல்லை" என்று சீமைக்கருவேலங்கன்று ஒன்றை மண்வெட்டியால் வேரோடு பெயர்த்தார்.

அதைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் ஊர் நினைவுக்கு வந்தது. உசிலம்பட்டிப் பக்கம். நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், இதே கார்த்திகை மாதம். கண்மாய் நிறைந்து, மிகுந்த நீர் வெளியேறும் கலுங்கில் மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. கரைக்கு மேலே தண்ணீர் வழியவில்லை என்பதால் யாருக்கும் பயம் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் வெளிப்பக்க அடிவாரத்தில் விரல் கனத்துக்குச் செந்நிற நீர் வருவதாக மாடு மேய்த்த பையன் வந்து சொன்னான். காலையில் பார்க்கலாம் என்றார்கள். நள்ளிரவில் தமுக்குச் சத்தம் கேட்டு ஊரே அரிக்கேன் விளக்கோடு ஓடியது. என் மாமாவும் இன்னும் பத்துப் பேரும் வெளிப்பக்கம் நின்று களிமண்ணையும் வைக்கோல் பிரியையும் திணித்துத் திணித்து அடைத்தார்கள். அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பீறிட்டது. விடியும்போது இரண்டு மாட்டுவண்டி அகலத்துக்குக் கரை போயிருந்தது. நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர் மணல் மூடிக் கிடந்தது. பயிர் போனதைக்கூட ஊர் தாங்கிக்கொண்டது. அந்த வருடத்துத் தண்ணீர் முழுவதும் ஒரே இரவில் போனதைத்தான் தாங்க முடியவில்லை. பங்குனியில் அத்தை இரண்டு மைல் நடந்து குடிநீர் எடுத்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். உடைப்பின் ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. எப்போதோ மேலோடு வெட்டிவிட்டுப் போன கருவேலத்தின் மக்கிய வேர் அதற்குள் பஞ்சு போலக் கிடந்தது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். நடையை நிறுத்திவிட்டார்.

"வெளிப்பக்கம் களிமண் வைத்து அடைத்தார்களா? அதுதான் தப்பு. தண்ணீரை அடைத்தால் அது வேறு வழி தேடும். மணலைக் கொட்டி, அதன்மேல் சல்லியைப் போட வேண்டும். தண்ணீர் வெளியே போகட்டும். மண் போகக் கூடாது. அவ்வளவுதான் சங்கதி."

பொறியியல் படித்தவர்கள் வடிகட்டி அடுக்கு என்று சொல்வது இதைத்தான். மண்கரையில் கொஞ்சம் கசிவது இயல்பு. கசிவு தெளிவாக இருக்கும்வரை கவனித்துக்கொண்டு வந்தால் போதும். கலங்கலாக வந்தால் உள்ளே கரை கரைகிறது என்று பொருள். அதற்குப் பிறகு மணிக்கணக்குதான்.

வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. சங்கு ஊதும், செய்தி வரும். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணைகளை ஆய்வு செய்யச் சொல்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளுக்கும்தான். கண்மாய்க்கரைகளும் ஓடைத் தடுப்பணைகளும் பெரும்பாலும் அந்த உயரத்தை எட்டுவதே இல்லை. பெரிய அணையையே ஆபத்தில் தள்ள ஓர் இரும்புப் பாகம் போதும்: 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று திடீரெனப் பெயர்ந்து, ஆயிரக்கணக்கான கனஅடி நீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. அங்கே உடனே அறிய ஆட்கள் இருந்தார்கள், கீழே இருந்தவர்களுக்குச் செய்தி போனது. ஊர்க் கண்மாய் நள்ளிரவில் உடைந்தால் செய்தி சொல்ல யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு ஆயக்கட்டும் மழைக்காலத்து நான்கு மாதங்களுக்கு ஒரு கரைக்காவலரைச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பத்து வருடத்துக்கு ஒரு முறை கோடிகளில் சீரமைப்பதைவிட, வருடாவருடம் மதகுத் திருகுக்குக் கிரீஸ் தடவி, முள்ளைப் பிடுங்கி, எலி வளையை வெட்டி மண் இட்டுக் கெட்டிக்கிற கூலிதான் கரையைக் காக்கிறது.

மடைக்குச் சற்றுத் தள்ளி, அடிவாரத்தில் ஓர் இடத்தில் பெரியவர் குனிந்தார். புல்லுக்கடியிலிருந்து கண்ணீர் போல நீர் ஊறி வந்தது. ஒரு வேப்பிலையைப் பறித்து மண்ணில் செருகினார். இலை நுனி வழியாக நீர் டம்ளருக்குள் சொட்டியது. நிரம்பக் கால் மணி நேரமானது. அதை ஒரு கல்லின்மேல் ஆடாமல் வைத்துவிட்டு, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுகால் விழும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வெற்றிலை மென்று முடித்ததும் டம்ளரை எடுத்து, மேல் நீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டு, அடியில் விரலை விட்டுத் தடவி என்னிடம் நீட்டினார். நானும் தடவிப் பார்த்தேன். மண் இல்லை.

"போன கார்த்திகையில் இதே இடத்தில் நிரம்ப இதே கால் மணி நேரம்தான்" என்றார். டம்ளரைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கலுங்கு வரைக்கும் மிச்சம் இருந்த கரையைப் பார்க்க நடந்தார். மூன்று மணி பஸ்ஸை விட்டுவிட்டு நானும் கூடவே போனேன்.