க்ரெப்ல தமிழ் தேடறப்போ "கொ" மாட்டாத பிரச்சனை தீர்ந்துச்சு

க்ரெப்ல, அதாவது ஃபைலுக்குள்ள வார்த்தை தேடற கமாண்ட்ல, "கொடி"ன்னு தேடினா பாதி ஃபைல் மட்டும் வரும், மீதியில அதே வார்த்தை கண்ணு முன்னாடியே இருக்கும், க்ரெப் கண்டுக்காம போயிடும். ரொம்ப நாள் தலைவலி இது, நேத்து ஒருவழியா தீர்ந்துச்சு. மைனஸ் ஆர், மைனஸ் என் மாதிரி க்ரெப் ஆப்ஷன் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

மாட்டற ஃபைல், மாட்டாத ஃபைல் ரெண்டுலயும் அந்த "கொ"வ மட்டும் வெட்டி, ஃபைல்ல இருக்கற பைட்டுகளை அப்படியே காட்டற எக்ஸ்எக்ஸ்டில போட்டுப் பார்த்தேன். ஒண்ணுல 6 பைட், இன்னொண்ணுல 9! யூனிகோட் எழுத்தை பைட்டா சேமிக்கற யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முதல்ல இருக்கது "க"வும், கொம்பும் காலும் ஒண்ணா சேர்ந்த ஒரே குறியும். ரெண்டாவதுல "க", ஒற்றைக்கொம்பு, கால்னு மூணும் தனித்தனி. யூனிகோட் விதிப்படி ரெண்டும் ஒண்ணுதான், திரையிலயும் வித்தியாசமே தெரியாது, ஆனா க்ரெப் அந்த விதியெல்லாம் பார்க்காது. க்ரெப் மாதிரியே தேடற, வேகத்துல பின்னி எடுக்கற ரிப்க்ரெப்பும் இதுல அதே கதிதான். "கோ" வரிசைக்கும் இதே கூத்து.

வழி என்னன்னா ஐசியூங்கற யூனிகோட் லைப்ரரியோட வர்ற யூகான்வ், எழுத்து வடிவத்தை மாத்தற கமாண்ட். அதுக்கு எனி-என்எஃப்சிங்கற மாற்று விதியைக் குடுத்தா பிரிஞ்சு கிடக்கறதெல்லாம் ஒரே குறியா சேர்ந்துடும். அதை ஒரு சின்ன ஸ்கிரிப்ட்ல வச்சு ரிப்க்ரெப்போட ப்ரீ ஆப்ஷன்ல குடுத்துட்டேன், ஒவ்வொரு ஃபைலும் அது வழியா போய்தான் தேடலுக்கு வருது, ஒரிஜினல் ஃபைல்ல கை வைக்கறதே இல்ல, வரி நம்பரும் மாறல, அருமை! தேடற வார்த்தையும் சேர்ந்த வடிவத்துல இருக்கணும், அதை மறந்துடாதீங்க. ஃபைலுக்கு ஒரு ப்ராசஸ் ஓடறதால வேகம் குறையும், ப்ரீ-க்ளாப் வச்சு டெக்ஸ்ட் ஃபைலுக்கு மட்டும்னு சுருக்கிக்கலாம்.

"கௌ"வுக்கு கடைசியில "ள" எழுத்தையே தட்டி வச்சிருக்காங்களே, அதுக்கு மட்டும் யூகான்வ் உதவாது. அது வேற எழுத்து, தேடற பேட்டர்ன்லயே ரெண்டையும் குடுத்தாதான் உண்டு.

இன்னொண்ணு, "அவன்"னு புள்ளியோட தேடினா "அவனுக்கு", "அவனை" எதுவும் வராது. புள்ளிய எடுத்துட்டு "அவன"ன்னு தேடுங்க, வேற்றுமை உருபோட எல்லாமே வந்து விழும்.

"கௌ" பேட்டர்ன் இன்னும் பாதியிலதான் நிக்குது, அதுக்குள்ள மனசு யூனிகோடுக்கு முந்தின தமிழ் குறியாக்கமான திஸ்கில இருக்கற பழைய ஃபைல்ங்க பக்கம் போயிடுச்சு. லினக்ஸ்ல இருக்கற க்ளிப்சி லைப்ரரியோட ஐகான்வுக்கு, அதாவது குறியாக்கம் மாத்தற கமாண்டுக்கு, திஸ்கி தெரியும், அதையும் அதே ஸ்கிரிப்ட்ல யூகான்வுக்கு முன்னாடி சேர்க்கப் போறேன்.