பழைய பிக்கப்பில் கைவைக்கும் முன் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் டி.என். 74, 75 நம்பரில் ஓடும் பழைய பிக்கப்புகளில் எஞ்சின் கைவிடும் முன்பே அடிச்சட்டமான சேஸிஸ் கைவிட்டுவிடும். தெற்கும் மேற்கும் கடல். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. ஏற்றுகிற லோடும் அதற்குத் துணை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஐஸ் போட்ட மீன். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட்டும், மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ரப்பர் பாலான ஓட்டுப்பாலும். மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் வடியும், ஓட்டுப்பாலிலிருந்து புளித்த நீர் வடியும். ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் கேன் ஒரு தடவை கவிழ்ந்தாலே போதும், தகரத்தில் பெயிண்ட் நிற்காது.

வீட்டில் வைத்து வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அலாய் வீல், எல்.இ.டி. பார் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் காசை ஓரமாக வையுங்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு கிரைண்டரைக் கையில் எடுத்தால் போதும்.

இதைக் கண்டுபிடிக்க ஹோஸ் பைப்பே போதும். கேபின் கூரையிலும் லோடு பாடியிலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் கழித்து டார்ச் அடித்து அடியில் பாருங்கள். அப்போதும் ஈரமாக இருக்கும் இடமெல்லாம் துருவின் வீடு. அங்கே சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பேசும். உள்ளே அரித்தது ‘டப்’ என்று அமுங்கும். சந்தேகம் என்றால் திருப்புளி முனையை அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அது இரும்பே இல்லை, பெயிண்ட் தாங்கி நிற்கும் துரு.

கேபினில் முதலில் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். அதற்கடியில் இருக்கும் ஃபெல்ட் ஒரு தடவை நனைந்தால் மாதக்கணக்கில் காயாது. தரைத்தகடு மேலிருந்தே அரித்துக்கொண்டு போகும். அந்த ஃபெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், பேட்டரி தட்டு, கதவடி, பின் ஸ்பிரிங்கைச் சேஸிஸில் தாங்கும் ஹேங்கர் எல்லாம் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை. ஆனால் வண்டியைக் கொல்வது யார் கண்ணுக்கும் படாத ஓரிடம்: லோடு பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கிடக்கும் மரப் பேக்கிங். உப்புத் தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, சேஸிஸின் மேல்முகத்தை அது வருடக்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கும்.

அதைப் பார்க்க லோடு பாடியை முழுதாக இறக்கத் தேவையில்லை. முந்தின நாள் ராத்திரியே, பாடியைச் சேஸிஸோடு கட்டும் யு-போல்ட் நட்டுகளில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிடுங்கள். வராததைக் கட்டிங் வீல் போட்டு அறுத்துவிடலாம். பழைய யு-போல்ட்டை மறுபடி போடப் போவதில்லை. டெயில் லைட் வயர், டீசல் ஊற்றும் குழாயின் ஹோஸ் இரண்டையும் கழற்றிய பிறகே ஜாக்கி போட வேண்டும். ஹோஸை மறந்தால் தூக்கும்போது கிழியும். ஒரு பக்கம் மூன்று அங்குலம், மறுபக்கம் மூன்று அங்குலம் என்று மாறி மாறித் தூக்கி, ஆறு அங்குல மரக்கட்டைகளைச் சொருகினால் கிரைண்டர் போக இடம் கிடைக்கும். சேஸிஸைத் தாங்க இரும்பு ஸ்டாண்டுதான் வேண்டும். வெட்டுக்கல்லும் ஹாலோ பிளாக்கும் எடை தாங்கும் என்று தோன்றும். உடையும்போது சொல்லிவிட்டு உடையாது. மணல் முற்றம் என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் இரண்டு அங்குலப் பலகை போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

பிரஷ் போடும் முன் கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருக்கும் இரும்பை உரசினால் உப்பு துருக்குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்குள் கொப்புளம் கிளம்பும். கடலோர ஊர்களில் பல போர்வெல்களில் தண்ணீரே உப்பு, அதனால் குடிதண்ணீரில் கழுவுங்கள். காய்ந்ததும் நாலு அங்குல கிரைண்டரில் கப் பிரஷ், பிறகு 60 நம்பர் ஃபிளாப் டிஸ்க். கப் பிரஷின் கம்பி தெறித்தால் கண்ணில்தான் வரும்; கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். மறுபடி ஒரு கழுவல், துடைப்பு. குழிக்குள் மிஞ்சிய துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டரைப் பிரஷில் மெல்லியதாகத் தடவினால் கறுத்துப் பிடிக்கும். வழிய வழிய ஊற்றினால் பிசுபிசுவென்று நின்றுவிடும், பெயிண்ட் ஒட்டாது.

பிரைமரில் கஞ்சத்தனம் வேண்டாம். ரெட் ஆக்சைடு அடித்து அப்படியே விடுவது நம்மூர் வழக்கம். அது ஈரத்தை உள்ளே விடும், மேலே பெயிண்ட் இல்லாவிட்டால் பெயருக்குத்தான் பாதுகாப்பு. இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் டாப் கோட் என்பதே இந்தக் காற்றுக்குச் சரி. முழுதாக அடிக்கும் முன் விளிம்புகள், வெல்டிங் கோடுகள், போல்ட் தலைகள் மட்டும் பிரஷ்ஷால் ஒரு கை தடவுங்கள். கூர்மையான விளிம்பில் பெயிண்ட் தானாகவே விலகி மெலிந்துவிடும், துரு அங்கிருந்துதான் திரும்பத் தொடங்கும். அடிக்கலாமா என்று பார்க்க ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். கால் மணி நேரத்தில் காயவில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சாரல் மாதத்தில் காலை பத்துக்கு முன்பும் மாலை நாலுக்குப் பிறகும் டப்பாவைத் திறக்காதீர்கள்.

துருவின்மேலேயே தார் அடித்துத் தரும் ‘அண்டர் கோட்டிங்’ சுத்த ஏமாற்று. தார் வெடித்த இடத்தில் தண்ணீர் நுழையும், வெளியே வராது. வேஸ்ட் ஆயில் அடிப்பதும் பழைய பழக்கம். துருவைத் தள்ளிப்போடும் என்பது உண்மை. ஸ்பிரிங் புஷ் ரப்பரை ஊதவைக்கும், பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது, முற்றத்துக் கிணற்றையும் கெடுக்கும் என்பதும் உண்மை.

வெல்டிங்குக்கு வருவோம். “பட்டி போட்டுடலாம் அண்ணே, தெரியாது” என்பார்கள். தரையில் பட்டி போட்டால் ஒரு மழைதான் தாங்கும். அரித்ததை வெட்டி எறிந்து, நல்ல இரும்பு வரும்வரை போய், அங்கே புதுத் தகடு வைக்க வேண்டும். கேபின் தரைக்கு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. இந்தக் கனத்துக்கு 0.8 மி.மீ. வயர் போட்ட மிக் வெல்டிங்தான் தோது. வீட்டில் சின்ன இன்வெர்ட்டர் மட்டும் இருந்தால் 2 மி.மீ. ராடு, 40 முதல் 50 ஆம்பியர். 2.5 ராடு பிடித்தால் ஓட்டை அடைவதற்குப் பதில் பெரிதாகும். ஒரே கோடாக இழுக்காமல் ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் எதிர்முனையில் என்று தாண்டித் தாண்டி வைத்தால் தகடு வளையாது. தொடங்கும் முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலும் ஆல்டர்னேட்டர் வயரும் கழற்றியிருக்க வேண்டும். டீசல் டேங்க் பக்கம் வேலை என்றால் டேங்கையே இறக்குங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், தூரமாக மாட்டினால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

சேஸிஸில் மட்டும் கொஞ்சம் அடக்கம் வேண்டும். சேஸிஸின் நீளச் சட்டமான சி-சேனலின் மேல், கீழ் முகங்களில் ஓட்டை போடக் கூடாது, குறுக்கே வெல்டிங் கோடும் போடக் கூடாது. லோடின் இழுவை முழுதும் அங்கேதான் ஓடுகிறது. எதை மாட்டினாலும் நிமிர்ந்த நடுமுகத்தில் போல்ட் போட்டு மாட்டுங்கள். ஹேங்கர் பக்கம் சேஸிஸே ஓட்டை விழுந்திருந்தால் அது வீட்டு முற்றத்து வேலை இல்லை.

லோடு பாடித் தரைக்கு எல்லோரும் 3 மி.மீ. செக்கர்ட் பிளேட் கேட்கிறார்கள். ஒன்பதடிக்கு ஐந்தரை அடி தரை என்றால் 4.6 சதுர மீட்டர்; பிளேட் மட்டும் 110 கிலோ தாண்டும். ஒவ்வொரு டிரிப்பிலும் அந்த அளவு லோடு குறையும். 2 மி.மீ. தகடு 72 கிலோ, அடியில் குறுக்குச் சட்டம் ஒழுங்காக இருந்தால் அதுவே தாராளம். அலுமினியம் எடை குறைவு, ஆனால் உப்பு ஈரத்தில் இரும்பைத் தொட்டால் அரிக்கும், நடுவில் ரப்பர் ஷீட் கட்டாயம். வாழைக்குலைக்கும் ஷீட்டுக்கும் ஓடும் வண்டிக்கு மரத்தரையே மேல். வள்ளம் கட்டும் அயனிப் பலகை வாங்குங்கள். ரப்பர் மரம் மலிவு, மருந்தேற்றாவிட்டால் உளுத்துப்போகும். வள்ளத்துக்குப் பூசும் அதே முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயைப் பலகைக்கும் பேக்கிங் மரத்துக்கும் பூசலாம், அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலைப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்து உரியும். பேக்கிங்கை ஒரே நீளமாகப் போடாமல் இடைவெளி விட்டுத் துண்டுகளாகப் போடுங்கள், கனத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

மீன் வண்டி என்றால் தரையைப் பின்பக்கம் லேசாகச் சரித்து, பின்மூலைகளில் ஒரு அங்குலத் துளை, அதில் குழாய், அது முடியும் இடத்தில் டேப் வைத்த 20 லிட்டர் கேன். மூலையில் வெறும் ஓட்டை போட்டால் ஐஸ் தண்ணீர் நேராக ஸ்பிரிங்கிலும் பிரேக் பைப்பிலும் சொட்டும். சாலையில் வழியவிட்டால் பின்னால் வரும் டூவீலர் சறுக்கும். ரப்பர் வண்டியில் சிந்திய பால் துளைக்குள் உறைந்து கார்க் மாதிரி அடைத்துக்கொள்ளும். துளையைப் பெரிதாக, சல்லடை இல்லாமல் விடுங்கள்.

ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூட்டினால் லோடு கூட்டலாம் என்று நினைப்பது தப்பு. ஆக்சிலும் பிரேக்கும் டயரும் பழையவைதான், ஆர்.சி.யில் எழுதிய எடையும் பழையதுதான். லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் எல்.எஸ்.பி.வி. வால்வு உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல். பாடி உயர்ந்து நிற்பதால் வண்டி காலி என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். வால்வின் கம்பியை மறுபடி செட் செய்ய வேண்டும். ஸ்பிரிங் முனையிலுள்ள ஷேக்கிளின் ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யு-போல்ட்டுகளை முதல் 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்காவிட்டால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகரும், வண்டி ஒருச்சாய்ந்து ஓடும்.

எலக்ட்ரிக்கல் புகார்களில் பாதி எர்த். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மல்ட்டிமீட்டரை பேட்டரி மைனஸுக்கும் கேபின் இரும்புக்கும் நடுவில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றி, இரும்பு மின்னும்வரை தேய்த்து இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். கூடுதலாக இரண்டு 55 வாட் விளக்கு என்றால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்: 2.5 ஸ்கொயர் வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே. சுவிட்சிலிருந்து நேராக இழுத்தால் சுவிட்ச் உருகும்.

பக்க அடைப்பை உயர்த்துபவர்கள் ஆரல்வாய்மொழியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடிக்காற்றில் முப்பந்தல் பக்கம் காலி வண்டியின் உயர்ந்த அடைப்பு பாய்மரம்தான். கழற்றி வைக்கிற குழாய் வளைவும் தார்ப்பாயும் போதும். திறந்த பாடியை மூடிய பாடியாக்குவது, எஞ்சின் மாற்றுவது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் வரும், ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். எட்டு வருடம் தாண்டிய லோடு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை இருப்பதால் புல் பார் போன்றவற்றுக்குச் செலவழிக்காதீர்கள், கழற்றச் சொல்வார்கள். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பைப் பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

பெயிண்ட் அடித்த மறுநாள் ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு கதவடி ஓட்டைகள், சேஸிஸ் ஓட்டைகள், தரைத் துளைகள் ஒவ்வொன்றிலும் விட்டுப் பாருங்கள். பாதி ஓட்டைகளைப் பிரைமர் அடைத்திருக்கும்.