ஊருக்குள் 10, ஹைவேயில் 16: ஒரு ஆக்சிஜன் சென்சாரின் கோளாறு

எங்கள் கார் 2013 கடைசியில் சென்னையில் வாங்கியது. பெட்ரோல் வண்டி. இப்போது மதுரையில் ஓடுகிறது, 1,14,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. போன ஆடி மாதம் வாக்கில் மைலேஜ் அடி வாங்க ஆரம்பித்தது. ஊருக்குள் லிட்டருக்கு 13 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 10க்கு இறங்கிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்து கேட்டைத் திறந்துவிட்டு வருவதற்குள் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும். சைலன்சர் முனையில் விரலை வைத்துத் தேய்த்தால் மை மாதிரி கரி ஒட்டும். ஆனால் அதே வண்டி திருச்சி போய் வந்தால் 16 கொடுத்தது, எப்போதும் போல. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் விடை இதற்குள்தான் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது செக் இன்ஜின் லைட் எரிந்தது. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். ஸ்கேனரை மாட்டி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிருக்கும் சார், 28,000 ஆகும். இல்லன்னா முதல்ல ரெண்டு சென்சாரையும் மாத்திப் பாக்கலாம்" என்றார்கள். கன்வெர்ட்டர் என்பது புகையின் நச்சைக் குறைக்கும் பாகம், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. ஸ்கேனரில் என்ன கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது என்று கேட்டால் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். சோதித்துப் பார்க்க மல்டிமீட்டர் இருக்கிறது, மாற்றிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் வந்துவிட்டேன். அவர் என்னைப் பக்கத்தில் நின்று வேலை செய்ய விடுவார்.

ஆக்சிஜன் சென்சார் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் சோதிக்க முடியும். இன்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று சேர்ந்தால் கலவை சரி. எரிந்து வெளியே வரும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, கலவை சரியா என்று இசியூவுக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) சொல்வது இந்தச் சென்சார். முனையில் ஸிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை, இரண்டிலும் ஆக்சிஜன் அளவு வேறுபடும்போது அது தானாகவே ஒரு சின்ன மின்னழுத்தத்தை உண்டாக்கும். பெட்ரோல் அதிகமானால் 0.8, 0.9 வோல்ட். காற்று அதிகமானால் 0.1, 0.2. நடுக்கோடு 0.45. நல்ல சென்சார் ஓடுகிற இன்ஜினில் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே ஓயாமல் ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். பாஷ் நிறுவனம் இதை உருவாக்க, 1976ல் அமெரிக்காவுக்குப் போன வோல்வோ கார்களில் முதலில் வந்தது. அடிப்படைத் தத்துவம் இன்றுவரை அதேதான்.

ஒரு சிக்கல், இந்தப் பீங்கான் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். முதலில் வந்தவற்றில் ஒற்றை ஒயர்தான், புகையின் சூட்டிலேயே காய வேண்டும். பிறகு உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்தார்கள். நான்கு ஒயர் இருந்தால் இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சிக்னலுக்கு, ஒன்று அதன் எர்த்துக்கு.

அண்ணனின் சின்ன ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டியதும் பி0135 வந்தது. முதல் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட் என்று அர்த்தம். (2010க்கு முந்தைய நம்மூர் கார்கள் பலவற்றில் இந்த மலிவு ஸ்கேனர் பேசாது. பிஎஸ்-4 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு 2013 ஏப்ரலில் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறை கட்டாயமானது, அதற்குப் பின் வந்த வண்டி என்பதால் எனக்கு வேலை சுலபம்.) கோடு ஹீட்டர் "சர்க்யூட்" என்றுதான் சொல்கிறது, சென்சார் போச்சு என்று சொல்லவில்லை. ஃப்யூஸ் போயிருக்கலாம், ஒயரை எலி கடித்திருக்கலாம், ஒயர்களை இணைக்கும் கப்ளரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷம் முன் மச்சான் காரில் பி0171 வந்தது, கலவையில் காற்று அதிகம் என்ற கோடு. யாரோ சொன்னார்கள் என்று புது ஆக்சிஜன் சென்சார் போட்டார், லைட் மறுநாளே திரும்ப வந்தது. ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம்மை, அதாவது இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தைப் பார்த்தால் ஐடிலிங்கில் கூட்டல் 22 சதவீதம், ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் 6க்கு இறங்குகிறது. எங்கேயோ திருட்டுக்காற்று உள்ளே போகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினால் அதே ஓட்டை கணக்கிலேயே வராது. தேடிப் பார்த்தால் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் பிசிவி ரப்பர் ஹோஸ் அடிப்பக்கத்தில் வாய் பிளந்து கிடந்தது. பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார்கள் பாவம்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். முதலில் ஃப்யூஸ், நன்றாக இருந்தது. மேனிஃபோல்டுக்குப் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) பக்கத்தில் முன் சென்சாரின் கப்ளரைக் கழற்றினோம். பின்களில் பச்சை பூக்கவில்லை, ஒயர் தோலில் கடித்த தடம் இல்லை. மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, ஒரே நிறத்தில் இருந்த இரண்டு ஹீட்டர் ஒயர்களின் பின்களைத் தொட்டேன். திரையின் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றது. தொடர்பே இல்லை என்று அர்த்தம், உள்ளே ஹீட்டர் கம்பி அறுந்திருக்கிறது. அப்போதும் அண்ணன், "அவசரப்படாத தம்பி, பின்னாடி ஒண்ணு இருக்குல்ல, அதையும் பாரு" என்றார். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருந்த இரண்டாவது சென்சாரின் கப்ளரைக் கழற்றி அதே மாதிரி தொட்டால் 8.6 ஓம். மேனுவல் கையில் இல்லாதபோது இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது அருமையான வழி.

அடுத்து வண்டிப் பக்கத்து ஒயர். ஸ்கேனரில் அந்த பி0135 கோடை அழித்துவிட்டு, முன் சென்சாரின் கப்ளரில் வண்டிப் பக்கம் வரும் இரண்டு ஹீட்டர் பின்களுக்கு நடுவே ஒரு 5 வாட் பல்பைக் கோத்து ஸ்டார்ட் செய்தோம். பல்பு எரிந்தது. அப்படியென்றால் பேட்டரியிலிருந்து வரும் கரண்ட்டும் சரி, இசியூ கொடுக்கும் எர்த்தும் சரி. குற்றம் சென்சாருக்குள்ளேதான் என்று அப்போதுதான் உறுதியானது.

சிக்னலையும் பார்த்துவிட ஆசை. கப்ளரைத் திரும்ப மாட்டி, பின்பக்கமாக சிக்னல் ஒயரை ஒட்டி ஒரு குண்டூசியைச் சொருகி மீட்டரை வைத்தேன் (ஒயர் தோலைக் குத்தி ஓட்டை போடாதீர்கள், மழையில் அதுவே அடுத்த கோளாறு). குளிர்ந்த இன்ஜின், ஐடிலிங். 0.43ல் உட்கார்ந்த எண் நான்கு நிமிடம் அசையவே இல்லை. 2,500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் பிடித்ததும் 0.12, 0.78, 0.15, 0.81 என்று துள்ளியது. ஒரு வாக்குவம் ஹோஸை உருவினால் காற்று அதிகமாகி எண் உடனே கீழே விழுந்தது, மாட்டினால் எழுந்தது. பீங்கான் உயிரோடுதான் இருக்கிறது! காலை எடுத்து மூன்று நிமிடம் ஐடிலிங்கில் விட்டதும் மெதுவாகச் சோர்ந்து மறுபடி 0.4ல் போய் நின்றுவிட்டது.

ஊருக்குள் 10, ஹைவேயில் 16 என்பதன் விளக்கம் இதுதான். திருச்சி ரோட்டில் புகையின் சூடே சென்சாரைக் காய்ச்சிவிடுகிறது. சிம்மக்கல் நெரிசலில் ஊர்ந்து போகும்போது அது ஆறிப்போகிறது, பேச்சு நின்றுபோகிறது, இசியூ குருட்டுக்கணக்கில் கொஞ்சம் தாராளமாகவே பெட்ரோலை ஊற்றுகிறது. பின் சென்சார் சூடானபின் 0.65க்குப் பக்கத்தில் பெரிதாக ஆடாமல் நின்றது. கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால்தான் அப்படி நிற்கும், அது கெட்டிருந்தால் பின் சென்சாரும் முன் சென்சார் மாதிரியே துள்ளும். அந்த 28,000 ரூபாய் வேலைக்கு அவசியமே இருக்கவில்லை.

ஹீட்டர் மட்டும் தனியாகக் கிடைக்காது, முழுச் சென்சாரும் மாற்ற வேண்டும். சென்சார் உடம்பில் பொறித்திருந்த எண்ணைக் கொடுத்து அதே ரகம் வாங்கினேன், 4,800 ரூபாய். ஒயரை வெட்டி ஒட்டும் மலிவான ரகம் 1,500க்கு இருந்தது, வேண்டாம் என்று விட்டேன். பல சென்சார்களில் உள்ளே போகவேண்டிய வெளிக்காற்றே ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் போகிறது, ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த வழி அடைபடும். அதே காரணத்துக்காகக் கப்ளருக்குள் கான்டாக்ட் கிளீனரோ கிரீஸோ அடிக்கக் கூடாது.

கழற்றுவதுதான் முதுகை ஒடித்தது. ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிட்டு, காலையில் இன்ஜினை லேசாகச் சூடாக்கி, ஒயர் நுழைய வெட்டு விட்ட 22 சாக்கெட்டைப் போட்டு அண்ணன் தொங்கிய பிறகு ஒரு கிறீச் சத்தத்தோடு அசைந்து கொடுத்தது. முனை வெளிர் சாம்பல் நிறம். நல்ல செய்தி, ஏனென்றால் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் சிலிக்கான் பசையோ கூலன்ட்டோ புகையில் கலக்கிறது என்று அர்த்தம், அந்த மூலத்தை அடைக்காமல் புதுசைப் போட்டால் அதுவும் கெடும். புதுசின் மரையில் கம்பெனியே ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) தடவி அனுப்பியிருந்தது, முனையில் கைபடாமல் முறுக்கினோம்.

மாட்டுவதற்கு முன் ஹீட்டரை அளந்தேன், 8.9 ஓம். குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்து நாற்பது விநாடி இருக்கும், 0.43லிருந்து எண் எழுந்து ஆட ஆரம்பித்தது. காலை பெட்ரோல் வாடை அன்றோடு நின்றது. இரண்டு முறை ஃபுல் டேங்க் போட்டுக் கணக்குப் பார்த்தேன், ஊருக்குள் 12.8 கொடுக்கிறது.