ரீச்சரின் வெள்ளிக்கிழமைகள்

ரீச்சர் காலமான செய்தி வந்த அன்று பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அனுதாபச் செய்திகள் குவிந்தன. அவற்றுக்கு நடுவே, ரொறன்ரோவிலும் லண்டனிலும் தேவாலய வாலிபர் ஐக்கியங்களை நடத்திவரும் நம்மவர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், மாணவர் கிறிஸ்தவ இயக்கக் கூட்டத்தில், பள்ளிக்கூட மேல் மண்டபத்தில் அவர் செய்வித்தவற்றை யாராவது எழுதி வைத்திருக்கிறீர்களா? ஒருவரும் எழுதி வைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அவருடைய கொப்பிகள் விடுதி அறையிலேயே நின்றுவிட்டன. ஆகவே சங்கத்தின் மலருக்குக் கட்டுரை கேட்டபோது அவருடைய முறையையே எழுதுவது என்று முடிவாயிற்று. மண்டபம், வாகை மரம், இரண்டாம் மணி, பாய் விரிப்பதில் வரும் சண்டை எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கைவேலைக்கு எவ்வளவு நேரமோ, அதைத் திரும்பிப் பார்க்கவும் அவ்வளவு நேரம். இதுதான் ரீச்சரின் கணக்கு. 80 நிமிடத்தில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் 10, செய்வதற்கு 35, மிச்சம் 35உம் அமைதிக்கும் பேச்சுக்கும். நேரம் பிந்திவிட்டால் கைவேலையைத்தான் வெட்டுவார். பாதி வரைந்த படம் பாதியிலேயே நிற்கும். அதைப் பற்றிப் பேசுவதற்கு அது முடிந்திருக்கத் தேவையில்லை என்பார். இன்றைக்கு இங்கே, புலம்பெயர்ந்த நாட்டில், நடக்கும் முகாம்கள் பலவற்றில், வெட்டித் தயாராக வரும் அட்டைத் துண்டுகளை ஒட்டி முடிக்கவே முக்கால் மணி போய்விடுகிறது. சிந்திக்கும் நேரம் சாப்பாட்டு மணிக்கு முந்திய ஐந்து நிமிடமாகச் சுருங்குகிறது. பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு பொருளைக் கொண்டுபோகிறார்கள். வேதப்பகுதி மண்டபத்திலேயே தங்கிவிடுகிறது.

அவர் செய்வித்தவற்றில் ஆழமானது களிமண் வேலை. வலிகாமத்துச் செம்மண் இதற்கு உதவாது, காய்ந்தவுடன் உதிர்ந்துவிடும். குளத்தடிக் களி வேண்டும். 20 பேருக்கு 10 கிலோ போதும். ஆளுக்கு அரைக் கிலோ வரும், பெரிய தோடம்பழம் அளவுக்கு உருட்டலாம். தோண்டி வந்த களியை அப்படியே தண்ணீரில் போட்டால் நடுக்கட்டி கரையாது. முதலில் உடைத்து வெயிலில் ஒட்டக் காயவைத்து, பிறகு இரண்டு இரவு ஊறவிட வேண்டும். பழைய நுளம்புவலையில் வடித்துக் கல்லும் வேரும் நீக்கி, மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, சாக்கில் பரப்பி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் பிசைய வேண்டும். செய்யும் பொருளின் சுவர் சின்னவிரல் தடிப்பை மீறினால் வெளிப்பக்கம் முந்திச் சுருங்கி வெடிக்கும். ஈரச் சாக்கால் மூடி மெல்லக் காயவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

எரேமியா 18ஆம் அதிகாரத்தை எல்லோரும் இந்த வேலையோடு சேர்க்கிறார்கள். ரீச்சர் அதை ஆரம்பத்தில் வாசிக்கவே மாட்டார். முதலில் வாசித்தால் இருபது பேரும் இருபது பானை செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். உனக்கு வேண்டியதைச் செய் என்று மட்டும் சொல்லிவிட்டு இருப்பார். இருபதாவது நிமிடத்தில், செய்ததைத் திரும்ப உருண்டையாக்கச் சொல்வார். சிலர் சிரித்துக்கொண்டு அமுக்குவார்கள். சிலர் மறுப்பார்கள். மறுத்தவர்களை வற்புறுத்தியதே இல்லை. இந்த இடத்தில்தான் வேதத்தைத் திறப்பார். குயவனின் கையிலே பாண்டம் கெட்டுப்போனதையும் அவன் அதை “வேறே பாண்டமாக” வனைந்ததையும் வாசித்துவிட்டு, மிச்சம் இருக்கும் நேரத்தில் அதே மண்ணில் இரண்டாம் தரம் செய்யச் சொல்வார். பிறகு வரும் பேச்சு முழுவதும் அந்த அமுக்கிய நிமிடத்தைப் பற்றியதாகவே இருக்கும். அமுக்க மறுத்தவர்கள் சொல்வதுதான் பல நாள்களில் மற்றவர்களின் மனதில் நின்றது.

குண்டுவீச்சில் வீடிழந்த பிள்ளைகள் கூட்டத்துக்கு வரத் தொடங்கிய பிறகு ரீச்சர் அந்த அமுக்கும் பகுதியை நிறுத்திவிட்டார். ஒன்றைச் செய்து வைத்துவிட்டு, இரண்டாவது உருண்டையை எடுத்து அதன் பக்கத்தில் இன்னொன்று செய்யச் சொன்னார். இடிந்ததைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையின் கையாலேயே ஒன்றை இடிப்பிக்கக் கூடாது. இன்றும் போரிலிருந்தோ உடைந்த குடும்பத்திலிருந்தோ வரும் பிள்ளைகள் இருக்கும் குழுவில் இந்த மாற்றம் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது புலம்பல் சங்கீதம் எழுதுவது. இதற்கு 13ஆம் சங்கீதத்தை எடுப்பார். ஆறே வசனம். முதல் இரண்டு முறைப்பாடு, நடு இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. மூன்று வேறு குரல்களில் மூன்று தரம் வாசிப்பிப்பார். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்கும் அந்தச் சங்கீதத்தில் ‘எதுவரைக்கும்’ நான்கு தரம் வருகிறது. ஒவ்வொருவரும் அந்தச் சொல்லால் தொடங்கும் நான்கு வரி எழுத வேண்டும். பிறகு கடவுளிடம் கேட்க வேண்டியது இரண்டு வரி. நம்பிக்கைப் பகுதி மனதில் இருந்தால் மட்டும் எழுதலாம், இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். 88ஆம் சங்கீதம் நம்பிக்கை வரி இல்லாமலே முடிகிறதே, அதுவும் வேதத்துக்குள்தானே இருக்கிறது என்று சொல்லி அந்த அனுமதியைக் கொடுப்பார். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்த அனுமதி எவ்வளவு பெரியது என்பதை, தமையன் காணாமற்போன பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து எழுதியவர்கள் அறிவார்கள்.

எழுதியதை மடித்து அவரவரே வைத்துக்கொள்வார்கள். விரும்பினால் நடுவில் இருக்கும் சட்டியில் போடலாம், கூட்டம் முடிய அது வாசிக்கப்படாமலே எரிக்கப்படும். ஒரு தரமாவது உரக்க வாசிக்கச் சொன்னால் அடுத்த முறை பிள்ளைகள் கேட்பவர்களுக்காக எழுதத் தொடங்குவார்கள். வரிகள் அழகாகிவிடும், உண்மை குறைந்துவிடும். இங்கே வாலிபர் தலைவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். நல்ல வரி ஒன்றைக் கண்டால் ஆராதனையில் வாசிக்க ஆசை வருகிறது. அந்த ஆசையை அடக்க வேண்டும்.

போரில் யாழ்ப்பாணத்துக்குப் பொருள்கள் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் இதெல்லாம் எப்படி நடந்தது என்று இளையவர்கள் கேட்பதுண்டு. பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கம், திருத்தி முடிந்த பரீட்சைத் தாள்கள், பனையோலை. வரைவதற்குச் சிரட்டைக்கரி. அது தொட்டால் அழிந்து பரவும் என்பதால் படங்களுக்கு இடையில் ஒரு மெல்லிய தாள் வைத்தே அடுக்க வேண்டும். நிறத்துக்கு மஞ்சள், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு, பீற்றூட் பிழிந்தால் ஊதா. மஞ்சள் வெயிலில் வெளுக்கும், பீற்றூட் நாளாக நாளாக மண்ணிறமாகும். ஆகவே படங்களை நிரந்தரமாகத் தொங்கவிடும் எண்ணம் அங்கே எழவே இல்லை, அது நல்லதாயிற்று. ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை: ஒரு பங்கு மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு மொத்தம் ஐந்து பங்கு தண்ணீராகச் சேர்த்து, கண்ணாடிபோல வரும்வரை கிண்டிக் காய்ச்ச வேண்டும். நேரே கொதிநீரில் கொட்டினால் கட்டிபடும். அன்றைக்குக் காய்ச்சியதை அன்றைக்கே முடித்துவிட வேண்டும், மறுநாள் புளித்துவிடும்.

பாட்டுப் பெட்டிக்குப் பற்றரி இல்லை. சைக்கிள் டைனமோவில் இணைத்து ஒருவர் மிதிக்க, மிதிப்பவர் களைத்தால் பாட்டு இழுபடும். ரீச்சர் பாட்டுக்காக அதைப் பாவித்தாரே தவிர அமைதி நேரத்தில் ஒருபோதும் ஓடவிடவில்லை. பின்னணி இசை பிள்ளைக்கு என்ன உணர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிடும் என்பது அவருடைய எண்ணம். இன்றைய வாலிபர் கூட்டங்களில் ஜெபத்துக்கு அடியில் கீபோர்ட் ஓடாத இடமே இல்லை. ஒரு தரம் நிறுத்திப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் இருமலும் நெளிவுமாகப் போகும், மூன்றாவது நிமிடத்தில் அடங்கும். அதற்கு முந்தியே பயந்து பேசத் தொடங்குவதால்தான் அமைதி பலிப்பதில்லை.

நடிப்பில் அவர் விரும்பியது சிலைக்காட்சி. ஊதாரி மகன் கதை வரும் லூக்கா 15ஐ எடுத்து, ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, மூன்று அசையாக் காட்சிகள். வசனம் இல்லை, வேஷம் இல்லை. ஒவ்வொரு காட்சியும் 20 விநாடி நிற்கும். அவர் நடந்து வந்து ஒருவரின் தோளைத் தொட்டால், அந்த ஆள் அந்த நேரத்தில் நினைப்பதை ஒரே வரியில் சொல்ல வேண்டும். எல்லோரும் தகப்பனையும் இளைய மகனையும் எதிர்பார்க்க, ரீச்சர் மூத்த மகனின் தோளைத்தான் முதலில் தொடுவார். நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகங்களை யாழ்ப்பாணம் திரண்டு பார்த்த காலம் அது. ரீச்சரும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவார். ஆனால் மேடை பார்ப்பவர்களுக்கு, மேல் மண்டபம் செய்பவர்களுக்கு என்று இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார். சிலைக்காட்சியைப் பெற்றோர் தினத்தில் போடக் கேட்டபோதெல்லாம் மறுத்தார்.

முடிந்ததும் பாத்திரத்தைக் கழற்றுவது என்று ஒரு சடங்கு இருந்தது நினைவிருக்கும். கையை உதறி, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, இடம் மாறி இருக்க வேண்டும். ஒரு நிமிட வேலைதான். அதை விட்டால் யூதாசாக நின்ற பிள்ளையை வகுப்பு முழுவதும் வருஷக்கணக்கில் யூதாஸ் என்றே கூப்பிடும். இங்கே பல இடங்களில் நடிப்பு முடிந்ததும் கைதட்டு, உடனே சிற்றுண்டி. கழற்றாமலே பிள்ளைகள் போகிறார்கள்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிந்திய வாரத்தில், எம்மாவுக்கு நடந்துபோன இரண்டு சீடரோடு உயிர்த்த இயேசு கூட நடந்ததை நினைத்து, எம்மாவு நடை. இரண்டு இரண்டு பேராக வெளிவாசலில் இருந்து மடத்தடி மட்டும் போய்த் திரும்புவது. போகும்போது ஒருவர் பேச மற்றவர் கேட்பார், திரும்பும்போது மாறும். நெருங்கிய சிநேகிதர்களைச் சோடி சேர்த்தால் வகுப்புக் கதைதான் நடக்கும், ஆகவே சோடியைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்.

பேச்சு நேரத்துக்கு அவரிடம் நான்கு கேள்விகள். என்ன நடந்தது? அப்போது உனக்குள் என்ன ஓடியது? வாசித்த பகுதி அதை எங்கே தொடுகிறது? இந்தக் கிழமை என்ன செய்யப்போகிறாய்? முதலில் தனியாக, பிறகு இரண்டு பேராக, கடைசியில்தான் வட்டத்தில். நேரே வட்டத்தில் கேட்டால் பழக்கமான மூன்று பேரே பேசுவார்கள். பேசாமல் கடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. படத்தைக் காட்டினால் வடிவாயிருக்கு என்று அவர் சொன்னதே இல்லை. இதைப் பற்றிச் சொல்லு என்பார். வடிவு என்று ஒன்றைச் சொன்னால், வரையத் தெரியாத பிள்ளை அடுத்த வெள்ளிக்கிழமை வராது. நாலாவது கேள்வியின் பதில் சின்னதாக இருக்க வேண்டும், அடுத்த வெள்ளிக்கு முன் செய்து முடிக்கக்கூடியதாக.

பிள்ளை பாரமான ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் வட்டத்தில் வைத்துத் தோண்ட மாட்டார். நன்றி சொல்லி நிறுத்திவிட்டு, பிறகு திறந்த விறாந்தையில், இன்னொரு ஆசிரியை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க, தனியாகக் கேட்பார். இரகசியமாக வைத்திருப்பேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கவும் மாட்டார். பிள்ளைக்கு ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவார். பிள்ளைப் பாதுகாப்புப் பயிற்சியில் இங்கே இன்று படிப்பிப்பது இதைத்தான்.

தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த ரீச்சர் இவற்றில் பலவற்றைக் கத்தோலிக்கரிடம் கற்றுக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை. நான்கு கேள்விகளுக்குப் பின்னால், 1925இல் பெல்ஜியத்தில் இளந்தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய ஜோசப் கார்டைன் அடிகளின் பார்த்தல், தீர்மானித்தல், செயற்படல் என்ற மூன்று படி இருக்கிறது. நாளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மப் பரிசோதனை. தரையில் இருந்து, கீர்த்தனை பாடி, விளக்கைச் சுற்றி அமர்வது மருதனார்மடம் கிறிஸ்தசேவ ஆச்சிரமத்தின் வழி. அங்கே நடந்த தியான முகாம்களுக்குப் போனவர்கள் அதை உடனே அடையாளம் காண்பார்கள். வேண்டியதை எடுத்து, நம் பிள்ளைகளுக்கு ஏற்ற அளவில் கலந்தது அவருடைய சொந்த வேலை.

மூத்த மாணவர்களை நடத்தப் பழக்கியும் வைத்தார். உயர்தர வகுப்புக்கு வந்ததும் ஆளுக்கொரு வெள்ளிக்கிழமை கொடுத்து, பின்வரிசையில் இருந்து பார்த்து, மறுநாள் குறை நிறை சொல்வார். அப்படிப் பழகியவர்களில் பெரும்பாலோர் தொண்ணூறுகளில் வெளியே வந்துவிட்டோம். ஓய்வுபெறும் மட்டும் அவர் தனியாகவே நடத்தினார், உதவிக்குப் பழக்கியெடுத்த கைகள் எல்லாம் வேறு கண்டங்களில் இருந்தன. வந்ததில் பிழை இல்லை, அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனாலும் அவர் யாரை நம்பி அந்தப் பயிற்சியைக் கொடுத்தாரோ அவர்கள் ஒருவரும் அந்த மண்டபத்தில் இல்லாமலே அது நின்றுபோனது என்பது மனதை விட்டுப் போவதில்லை. சங்கம் அனுப்பிய ப்ரொஜெக்டரும் கணினிகளும் அங்கே இருக்கின்றன. மூன்று நிமிட அமைதியைத் தாங்கி நிற்க ஒரு இளம் ஆசிரியைக்குக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. அதைக் காணொளியில் காட்ட முடியாது.

யூலையில் இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அங்கே இரண்டாம் தவணை நடந்துகொண்டிருக்கும். ஊருக்குப் போகிறவர்களில் ரீச்சரிடம் நடத்தப் பழகிய இருவர் நான்கு வெள்ளிக்கிழமைகளை ஒதுக்கினால், இப்போது மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியைகள் பக்கத்தில் இருந்து பழகிக்கொள்ளலாம். முதல் வெள்ளிக்குச் சங்கீதத்தை வைப்பது நல்லது, தாளும் பென்சிலும் போதும். களிமண்ணை இரண்டாம் வெள்ளிக்கு விடுங்கள். களியை முந்திய வார இறுதியில் தோண்டிக் காயப்போட்டு, புதன்கிழமை பின்னேரமாவது தண்ணீரில் போட்டால்தான் பதம் சரிவரும்.