பீன்யா பட்டறையில் ஐஎஸ்ஓ 45001: காகிதத்துக்கு ஒரு வாரம், பிரஸ்ஸுக்கு எட்டு மாதம்

பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 45001 சான்றிதழ் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. நான்கு மாதத்தில் முடிப்போம் என்று தொடங்கிய வேலை பதினோரு மாதம் இழுத்தது. பெங்களூரின் பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் ஷீட் மெட்டல் (தகட்டு வேலை) பட்டறை நடத்தும் நம் ஆட்கள் பலரிடம் வாடிக்கையாளர்கள் இப்போது 45001 கேட்கிறார்கள். அவர்களுக்காக எங்கெங்கே தடுக்கி விழுந்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் அளவு: இரண்டு ஷெட், இரண்டு ஷிஃப்ட், 62 பேர், 14 பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டி வடிவமாக்கும் மெஷின்), மூன்று வெல்டிங் பே, பாரம் தூக்கும் ஒரு 2 டன் ஹாய்ஸ்ட். பாலிசி, நோக்கங்கள், பொறுப்புப் பட்டியல் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன. 2024 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி, காலநிலை மாற்றம் உங்களுக்குப் பொருந்துமா என்று யோசித்து முடிவு செய்திருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கூரைக்குக் கீழே வரும் சூட்டை எழுதி, குடிநீர், இடைவேளை, எக்ஸாஸ்ட் ஏற்பாட்டைக் காட்டினோம். ஆடிட்டர் ஏற்றுக்கொண்டார்.

முதல் அடி இடர் பதிவேட்டில் விழுந்தது. கன்சல்டன்ட் கொடுத்த கோப்பில் 140 வரி இருந்தது. பாய்லர் ஆபத்து இருந்தது, எங்களிடம் பாய்லர் கிடையாது. பிரஸ்ஸில் டை (தகட்டை வெட்டி வடிவமாக்கும் அச்சு) மாற்றும் வேலை ஒரு வரிகூட இல்லை. சான்றளிப்பு ஆடிட்டின் முதல் கட்டமான ஸ்டேஜ் 1-இல் ஆடிட்டர் ஷெட்டுக்குள் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து, "இது உங்கள் பட்டறையின் பதிவேடு இல்லை" என்றார். திருப்பி எழுதினோம். மெஷினுக்கு மெஷின், அதை ஓட்டுபவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதில் 96 வரி வந்தது. அன்றாட வேலைகள் எளிதாகக் கிடைத்தன. விட்டுப்போனவை எல்லாம் எப்போதாவது செய்யும் வேலைகள்: ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறி ஓட்டை அடைப்பது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, ஸ்க்ராப் லாரியில் ஏற்றுவது. கூரை வேலையை வெளி ஆள்தானே செய்கிறான் என்று விட முடியாது. ஒப்பந்த வேலையும் 45001-இன் 8.1.4 பிரிவின் கீழ் உங்கள் பொறுப்புதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் எடையைத் தாங்காது. ஏறுபலகையும் லைஃப் லைனும் இல்லாமல் இப்போது யாரையும் ஏற விடுவதில்லை.

அடுத்து பிரஸ். இங்கேதான் பணமும் எட்டு மாதமும் போயின.

இடர் அதிகம் என்று பதிவேடு சொன்னதும் 14 பிரஸ்ஸுக்கும் லைட் கர்ட்டன் (ஒளிக்கதிரைக் கை மறித்தால் மெஷினை நிறுத்தச் சொல்லும் கருவி) வாங்கினோம். விற்றவர் வந்து மாட்டியும் கொடுத்தார். எங்கள் 14-இல் 9 பிரஸ் பழைய கீ கிளட்ச் வகை. அந்தக் கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் ராம் (டையை அழுத்த மேலும் கீழும் போகும் பாகம்) முழுச் சுற்றும் இறங்கி ஏறித்தான் நிற்கும். பாதியில் நிறுத்த வழியே கிடையாது. கர்ட்டனில் கை குறுக்கே வந்து சிக்னல் போனாலும் டை மூடத்தான் செய்யும். பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து ஆபரேட்டர் இன்னும் தைரியமாகக் கை வைப்பான் என்பதால், கர்ட்டனே இல்லாததைவிட இது மோசம். இதை முதலில் கேட்டது கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இருபது வருடமாகப் பிரஸ் ஓட்டும் ஒரு ஆபரேட்டர்: "அண்ணா, கிளட்ச்தான் பாதியில் விடாதில்லையா, அப்புறம் இது எப்படி நிறுத்தும்?" ஆடிட்டருக்கு முன்பே அவர் கேட்டார். அன்றே அந்த ஒன்பது கர்ட்டனையும் கழற்றினோம்.

கீ கிளட்ச் பிரஸ்ஸுக்குச் சரியான வழி டையைச் சுற்றி நிலையான கார்டு, அதாவது கை போகாதபடி தடுப்பு. ஷீட்டை உள்ளே விடும் பிளவு மட்டும் திறந்திருக்கும். அந்தப் பிளவுக்கும் டைக்கும் உள்ள தூரத்துக்கு ஐஎஸ்ஓ 13857 அட்டவணை உண்டு. நீளப் பிளவு 6 மி.மீ.க்குள் என்றால் ஆபத்துப் புள்ளியிலிருந்து 10 மி.மீ தள்ளியிருந்தால் போதும். 10-க்கு மேல் 12 மி.மீ வரை என்றால் 100 மி.மீ வேண்டும். ஃபேப்ரிகேட்டர் முதலில் செய்துகொண்டு வந்த கார்டில் பிளவு 12 மி.மீ, தூரம் 40. விரல் நேராக டைக்குப் போகும். எங்கள் ஷீட் 1.2 மி.மீ தடிமன்தான், 5 மி.மீ பிளவு தாராளம். ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு அளவையும் வரைபடத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் அவர்கள் வேலைக்கு வசதியான அளவில் செய்துவிடுவார்கள்.

பாகத்தை ஒவ்வொன்றாகக் கையால் வைக்கும் இரண்டாம் கட்ட வேலைக்கு நிலையான கார்டு ஒத்துவராது. அப்படிப்பட்ட மூன்று பிரஸ்ஸுக்கு, கதவு மூடினால்தான் கிளட்ச் பிடிக்கும்படியும் ராம் மேலே வந்து நின்றால்தான் கதவு திறக்கும்படியும் இன்டர்லாக் கேட் போட்டோம். காந்தக் கைப்பிடியும் கொடுத்திருக்கிறோம், ஆனால் அது கார்டுக்கு மாற்று இல்லை.

மீதி 5 பிரஸ் காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேட்டிக் கிளட்ச். அவை பாதியில் நிற்கும், கர்ட்டன் பொருந்தும். ஆனால் விற்றவர் டைக்கு 150 மி.மீ முன்னால் மாட்டியிருந்தார். நிற்கும் நேரத்தை அளந்தோம்: கர்ட்டனின் எதிர்வினை நேரமும் சேர்த்து 0.18 நொடி. கை நொடிக்கு 2000 மி.மீ வேகத்தில் வரும் என்று ஐஎஸ்ஓ 13855 கணக்கு வைக்கிறது. 2000 × 0.18 = 360 மி.மீ தள்ளி மாட்ட வேண்டும். 14 மி.மீ அளவுப் பொருளையும் கண்டறியும் கர்ட்டன் என்பதால் கூடுதல் தூரம் சேர்க்க வேண்டியதில்லை, 30 மி.மீ வகை என்றால் 8 × (30 − 14) = 128 மி.மீ கூட்ட வேண்டும். தள்ளி மாட்டியதும் பக்கவாட்டில் இடைவெளி வந்தது, அதைத் தகடு வைத்து அடைத்தோம். பிரேக் லைனர் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும். ஒருமுறை அளந்து விட்டுவிடாதீர்கள்.

ஹாய்ஸ்ட் விஷயத்தில் ஒரு நாள் முழுதாக வீணானது. பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவுப்படி தூக்கும் கருவி, சங்கிலி, ஸ்லிங் எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது அங்கீகாரம் பெற்ற தகுதியாளர் சோதிக்க வேண்டியிருந்தது. வந்தவர் தூக்கிப் பார்க்க எடை எங்கே என்று கேட்டார். 2 டன் ஹாய்ஸ்ட்டுக்கு 125 சதவீதம், அதாவது 2.5 டன் வேண்டும். எங்களிடம் எடை போட்ட பாரமே இல்லை. தகட்டுச் சுருள்களை (காயில்) அடுக்கித் தூக்கலாம் என்றோம், எடைச்சீட்டு இல்லாமல் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் செய்தது சரி. அடுத்த வாரம் வாடகைக்கு எடை எடுத்து முடித்தோம். அதன்பிறகுதான் முந்தைய வருடச் சான்றைப் புரட்டினோம்: அதில் எழுதிய வரிசை எண் எங்கள் ஹாய்ஸ்ட் தகட்டில் இருந்த எண் இல்லை, கையெழுத்திட்டவரின் அங்கீகாரமும் சோதனைத் தேதிக்கு முன்பே காலாவதி. சான்று வாங்கும்போது தகட்டு எண்ணையும் தகுதியாளரின் அங்கீகாரக் கடிதத் தேதியையும் அங்கேயே ஒப்பிடுங்கள்.

மின்சாரத்தில் ஒன்று. எல்லா டிபியிலும் (மின் விநியோகப் பெட்டி) ஆர்சிசிபி (கசிவு மின்சாரத்தைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது என்று டிக் போட்டிருந்தோம். திறந்து பார்த்தால் கை கிரைண்டர் செருகும் லைனில் 100 மில்லியாம்ப். ஆளைக் காப்பாற்ற 30 மில்லியாம்ப் வேண்டும். ஆறு மாற்றினோம். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பதிகிறோம்.

இரண்டாம் கட்ட ஆடிட்டான ஸ்டேஜ் 2-இல் இரண்டு மேஜர் என்சி (தரத்துக்குப் பொருந்தாத பெரிய குறை) வந்தது. ஒன்று மொழி. தமிழும் கன்னடமும் எழுதிவிட்டோம், போதும் என்று இருந்தோம். இரவு ஷிஃப்ட் ஹெல்பர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். ஆடிட்டர் ஒருவரிடம் இந்தியில் எமர்ஜென்சி ஸ்டாப் எங்கே என்று கேட்டார். தெரியவில்லை. பயிற்சிப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து இருந்தது, அதுதான் மேஜர் ஆனது. 5.4 பிரிவு மொழி, எழுத்தறிவுத் தடைகளை நீக்கச் சொல்கிறது. இப்போது பயிற்சி மெஷின் முன்னால் நடக்கிறது. கேட்டு முடித்தவர் செய்து காட்டினால்தான் கையெழுத்து. தொழிலாளர் பிரதிநிதிகளில் ஒருவர் இரவு ஷிஃப்டிலிருந்து, இந்தி பேசுபவர்.

இன்னொன்று விபத்து விசாரணை. ஐந்து படிவத்திலும் மூல காரணம் "கவனக்குறைவு" என்று எழுதியிருந்தது. விரல் வெட்டுப்பட்ட ஒரு சம்பவத்தைத் தோண்டியதில், கையுறை அளவு பெரியது என்பதும் சின்ன அளவு ஸ்டோரில் நாலு மாதமாக இல்லை என்பதும் வந்தது. வாங்கும் பட்டியலைத் திருத்தியதுதான் உண்மையான நடவடிக்கை. நூலிழையில் தப்பிய சம்பவம் மூன்று மாதத்தில் ஒன்றுகூடப் பதிவாகாததையும் ஆடிட்டர் நம்பவில்லை. சொல்பவரைத் திட்ட மாட்டோம் என்று ஷிஃப்ட் சூப்பர்வைசரே எல்லார் முன்னும் சொன்ன பிறகு, ஒரு மாதத்தில் 17 வந்தது.

மேஜர் என்சியை ஸ்டேஜ் 2 முடிந்த ஆறு மாதத்துக்குள் மூடிக் காட்டாவிட்டால் ஸ்டேஜ் 2-ஐயே திரும்பச் செய்ய வேண்டும். நாங்கள் ஐந்தாம் மாதம் மூடினோம். உள் ஆடிட்டும் மேலாண்மை ஆய்வுக் கூட்டமும் ஸ்டேஜ் 2-க்கு முன்பே நடந்திருக்க வேண்டும், தன் வேலையைத் தானே ஆடிட் செய்யக் கூடாது. இந்த இரண்டிலும் சிக்கல் வரவில்லை.

சான்றளிப்பு நிறுவனம் தேர்ந்தெடுக்கும்போது என்ஏபிசிபி (சான்றளிப்பு நிறுவனங்களை அங்கீகரிக்கும் இந்திய அமைப்பு) போன்ற அங்கீகார அமைப்பின் பட்டியலில், 45001-க்காகவே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆலோசனையும் நாங்களே, சான்றும் நாங்களே என்று ஒருவர் எங்களிடம் வந்தார். விதி அதை அனுமதிப்பதில்லை. அந்தக் காகிதத்தை வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால் கட்டிய பணம் போனதுதான்.

சட்டப் பதிவேட்டை நாங்கள் 1948 சட்டத்தை வைத்து எழுதினோம். 2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. இனித் தொடங்குபவர்கள் அதை வைத்தே எழுதுங்கள். நாங்கள் முதல் கண்காணிப்பு ஆடிட்டுக்கு முன் வரி வரியாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

சான்றிதழ் வரைவு வந்ததும் ஒப்புதல் கொடுக்குமுன் முகவரியையும் வேலை விவரத்தையும் எழுத்தெண்ணிப் படியுங்கள். எங்களுக்கு வந்த வரைவில் இரண்டாவது ஷெட்டே இல்லை. ஒன்பது கீ கிளட்ச் பிரஸ்ஸும் அங்கேதான் ஓடுகின்றன. திருத்தி வர இன்னும் ஒன்பது நாள் ஆனது.